அக்ஸீலியா கேட்டது

தாடையில் விழுந்த முதல் அடியிலேயே சகாயராஜின் உதடு கிழிந்தது. அவன் கையை ஓங்கவில்லை. பஞ்சர் கடை வாசலில் நின்ற லாரியின் பக்கவாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

அடித்தவன் கங்கப்பன். கூட அவன் தம்பி பெருமாள், வலது கையில் மாவுக்கட்டோடு நின்றான். போன மாதம் லோடு ஏற்றும் முறை யாருக்கு என்ற தகராறில் அந்தக் கையை முறித்தவன் சகாயராஜ்தான்.

குருபரப்பள்ளியில் லோடு ஏற்றுகிற எல்லோருக்கும் சகாயராஜின் அடி தெரியும். ஒரே ஆளாக மூன்று பேரைச் சாய்த்ததைக் கங்கப்பனே பார்த்திருக்கிறான். அதனால்தான் டயர் கழற்றும் இரும்புக் கம்பியோடு வந்திருந்தான்.

அன்று காலையில்தான் சகாயராஜ், மனைவி பெர்னத்தையும் மகள் அக்ஸீலியாவையும் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப் போயிருந்தான். ஒன்பது வயது அக்ஸீலியாவுக்கு மறுநாள் கோயிலில் புதுநன்மை. முதல் முறையாக நற்கருணை வாங்கப் போகிற பிள்ளைக்கு அப்பா ஏதாவது வாங்கித் தர வேண்டும். விலை பெரிதில்லை, பிள்ளை மனசில் நிற்க வேண்டும் என்று வகுப்பெடுத்த சிஸ்டர் சொல்லியிருந்தாராம்.

அங்கே ஜெபப் பொருள்கள் விற்கும் கடையில் வெள்ளி ஜெபமாலையின் விலையைக் கேட்டதும் பெர்னத் அதைப் பெட்டியிலேயே திருப்பி வைத்துவிட்டாள். வெள்ளை அட்டை போட்ட ஜெபப் புத்தகம் கட்டுப்படியாகும்போல இருந்தது. மேல்தட்டில் சின்னதாக ஒரு மாதா சுரூபமும் இருந்தது. அதை எடுக்க அவன் கையைத் தூக்கியபோது, பக்கத்தில் நின்ற பெர்னத் சட்டென்று தலையைத் தாழ்த்தினாள்.

அக்ஸீலியா எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இதெல்லாம் வேண்டாம் என்றாள். வேறென்ன வேண்டும் என்று அவன் குனிந்து கேட்டதற்கு, காதோடு காதாக ஒன்று சொன்னாள். குனிந்தவன் நிமிரக் கொஞ்ச நேரமானது. கடையில் ஒன்றும் வாங்காமலே மூவரும் பஸ் ஏறினார்கள்.

அவர்களை வீட்டில் விட்டுவிட்டு, தன் பைக்குக்குக் காற்றடிக்க வந்த இடத்தில் அண்ணனும் தம்பியும் மடக்கிக்கொண்டார்கள்.

இரும்புக் கம்பி தோளில் இறங்கியது. சகாயராஜ் முழங்கால் மடங்கி விழுந்தான், ஆனால் லாரியைப் பிடித்த பிடியை விடவில்லை. பெருமாள் இடது கையால் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி லாரியில் மோதினான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. கங்கப்பன் விலாவில் உதைத்த உதையில் உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது.

பஞ்சர் கடைக்காரர் ஜமீர் அகமது ஓடிவந்து, ஆள் செத்துவிடுவான் என்று கத்திக்கொண்டே கங்கப்பனின் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்.

அதற்குள் கங்கப்பனுக்கே கை ஓய்ந்திருந்தது. திருப்பி அடிக்காத ஆளை அவன் இதுவரை அடித்ததில்லை. தெலுங்கில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, சகாயராஜின் சட்டையைப் பிடித்துத் தூக்கினான்.

"ஏன்டா மரம் மாதிரி நிக்கற? திருப்பி அடிடா."

சகாயராஜ் ரத்தத்தைத் துப்பினான். அதோடு ஒரு பல்லும் மண்ணில் விழுந்தது.

"நாளைக்குப் பாப்பாவுக்குப் புதுநன்மை. என்ன வேணும்னு கேட்டேன். இனிமே அடிக்காதப்பான்னு சொல்லுச்சு. சரின்னுட்டேன்."

"அதுக்குன்னு அடி வாங்கிச் சாவியா?"

"இன்னிக்கு ஒருத்தன அடிச்சன்னா, அப்புறம் இந்தக் கை நிக்காது. எனக்குத் தெரியும்."

கங்கப்பன் இரும்பைக் கீழே போட்டான். அவன் வீட்டிலும் அதே வயதில் ஒரு பெண் இருந்தாள். ஜமீர் கொண்டுவந்த தண்ணீரைத் தானே வாங்கி, சகாயராஜின் முகத்தைக் கழுவிவிட்டான். தோளில் இருந்த துண்டை எடுத்துப் புருவத்தில் அழுத்திக் கட்டினான். பெருமாள் ஆட்டோ பிடிக்கப் போனான்.

"உம் பொண்ணு சாமிடா," என்றான் கங்கப்பன். "எங்கள மாதிரி ஆளுங்களுக்காகவா அந்தப் புள்ள உங்கிட்ட கேட்டுச்சு?"

சகாயராஜ் புருவத்துக் கட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்தான்.

"உங்களுக்காக இல்ல. அவங்கம்மாவ அடிக்காதன்னுதான் கேட்டுச்சு."