கறுப்பு அக்காவின் பின்சக்கரம்

வரிசையாகப் போகும் சைக்கிள் கூட்டத்தில் மஞ்சள் சைக்கிள் அன்றுதான் புதிதாகச் சேர்ந்து, கடைசியில் வந்துகொண்டிருந்தது. முன்னால் போன கறுப்பு சைக்கிளின் பின்சக்கரத்தைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

"அக்கா, ரோடே தெரியல, மறைக்கிறீங்க!" என்று மஞ்சள் சிடுசிடுத்தது.

"அப்படியா கண்ணு?" என்று கறுப்பு ஓரமாக விலகிக்கொண்டது.

ரோடு தெரிந்தது. கூடவே எதிர்காற்று முகத்தில் அறைந்தது. பெடல் கல்லாய்க் கனத்தது, மூச்சு வாங்கியது. கூட்டம் தூரத்தில் புள்ளியாகிக்கொண்டே போக, மஞ்சளுக்கு அழுகை முட்டியது. இவ்வளவு நேரமும் இந்தக் காற்றையெல்லாம் யார் வாங்கிக்கொண்டு வந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்பிப் பார்த்தால், கூட்டத்தை விட்டுவிட்டு, கறுப்பு பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது.

"அக்கா..." மஞ்சள் மெல்லக் கேட்டது. "கொஞ்சம் மறைச்சுக்கிட்டே போறீங்களா?"