நீலக் காரின் மீட்டர்

பழைய கார்கள் விற்கும் ஓரிடத்தில் ஒரு சின்ன நீல டீசல் கார் நின்றது. ஞாயிற்றுக்கிழமைக்குள் விலை போகாவிட்டால் அதை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்.

"லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டரா! உன் மீட்டரைப் பார்த்தாலே எல்லாரும் ஓடிடுவாங்க, கிழவா" என்று பக்கத்தில் நின்ற வெள்ளை பெட்ரோல் கார் சிரித்தது. நீலக் காருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு அமலியும் அவள் கணவர் சேவியரும் வந்தார்கள். அமலி வேலைக்குப் போய்வர தினமும் எண்பது கிலோமீட்டர். அவளுக்கு டீசல்தான் கட்டுப்படியாகும். பூகோள ஆசிரியரான சேவியர் மீட்டரை எட்டிப் பார்த்தார். நீலக் கார் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"அமலி! உலகத்தைச் சுத்த நாற்பதாயிரம் கிலோமீட்டர். இந்த வண்டி மூணு தடவை சுத்திட்டு வந்து நிக்குது!"

"உங்க பூகோளம் இருக்கட்டும். பானெட்டைத் தொட்டுப் பாருங்க. லேசில ஸ்டார்ட் ஆகாத வண்டின்னா நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருப்பாங்க."

"ஜில்லுன்னு இருக்கு."

அமலி சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் எஞ்சின் உறுமியது.

"இதையே எடுத்துக்கலாம்" என்றாள்.

நீலக் காருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. உலகமா? அது ஓடியதெல்லாம் வீட்டுக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும்தானே!

புறப்படும்போது வெள்ளைக் கார் மெல்லக் கேட்டது: "அண்ணே, கடலை எப்படித் தாண்டினீங்க?"

"எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு, தம்பி" என்றபடி நீலக் கார் நாலாவது சுற்றுக்குக் கிளம்பியது.