கிழிக்காத இலை

கையும் இலையுமாக மாட்டினாள் அவள். மெஸ்ஸின் பின்பக்கம், எச்சில் இலைக் கூடைக்கு அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்து முடித்த இலைகளைச் சோற்றை உதறி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள்.

மெஸ்காரன் தசரதன் அவள் பின்னால் போய் நின்றான். நாலு நாளாக அவன் தேடிக்கொண்டிருந்த ஆள் இவள்தான்.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் அவன் மெஸ் இருந்தது. மதியச் சாப்பாடு, மந்தாரை இலையை ஈர்க்குச்சியால் தைத்த இலையில். போன வாரம் ரயில்வே குமாஸ்தா ஒருவர், புது இலையின் மடிப்பில் காய்ந்த பருக்கை ஒட்டியிருப்பதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு எழுந்து போனார்.

எச்சில் இலையைக் கழுவிக் காயவைத்து மறுபடி கட்டுக் கட்டி விற்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. மறுநாளே பாதிப் பெஞ்சு காலி. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் மெஸ்ஸை மூட வேண்டியதுதான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு இலையையும் தசரதனே நடுவில் கிழித்துத்தான் குழியில் போட்டான். மேலே சாணியைக் கரைத்து ஊற்றினால் மூன்று மாதத்தில் எருவாகிவிடும். சேலையூர்ப் பூந்தோட்டக்காரர்கள் வண்டியோடு வந்து அள்ளிப் போவார்கள். ஆனால் கடைசிப் பந்தி முடிந்து அவன் கிழிக்க வருவதற்குள் யாரோ கூடை முழுவதையும் கலைத்துப்போட்டிருந்தார்கள். நாலு நாளாக இதே கதை.

போதாக்குறைக்கு இலைக்காரர் துளசிங்கம் அன்று காலையில் பாதிச் சரக்கோடு வந்து நின்றார். அனகாபுத்தூரில் பெண்களிடம் இலை தைத்து வாங்கி மெஸ்களுக்குப் போடுகிறவர். பருக்கையைப் பற்றிக் கேட்டதற்கு, வீட்டில் உட்கார்ந்து தைக்கிற பொம்பளைங்க, சாப்பிட்டுக்கொண்டே தைத்திருப்பார்கள் என்றார். சரக்குக் குறைந்ததற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

"இடது கைக்காரி ஒருத்தி சார். மூணு பேர் வேலைய ஒண்டியா செய்வா. போன வெள்ளிக்கெயம பிரசவத்துல பூட்டா. கொயந்தயும் தங்கல."

"உனக்கு மழை இல்லாட்டி சாவு. மாசம் ஒருத்தர சாவடிக்கிறே," என்றான் தசரதன். குரோம்பேட்டையில் எல்லாரும் பாலிதீன் தாளுக்கு மாறியாயிற்று, திங்கட்கிழமை முதல் தானும் மாறப்போவதாகச் சொன்னான். துளசிங்கம் கட்டுகளை இறக்கிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது கூடையைக் கலைத்தவள் எழுந்து எதிரே நின்றாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் அஞ்சம்மாள், பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறாள். துவைத்துக் கட்டிய புடவை. இலையை எடுத்துப்போக ஒரு பை கூடக் கையில் இல்லை.

"துளசிங்கத்துக்குத்தானே கொண்டுபோய்க் குடுக்கிறே?"

"யாரு சார் அது?"

தசரதன் கூடையிலிருந்து ஓர் இலையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே கிழித்தான். இன்னொன்றை எடுத்தான்.

"கியிச்சிடாதீங்க சார். ஒரு தபா பாத்துக்கினு நானே கியிச்சிப் போட்டுர்றேன்."

அவன் கிழித்தான். அவள் குனிந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கி, ஈர்க்குச்சிகள் சேருகிற மாதிரி ஒட்டவைத்துப் பார்த்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

போலீசைக் கூப்பிடுவேன் என்று அவன் சொன்ன பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அவள் மகள் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வேற்றுச் சாதி நெசவுக்காரப் பையனோடு போய்விட்டாள். புருஷன் மகளைத் தலைமுழுகினான். நீ அவளைத் தேடிப் போனால் நான் தூக்கில் தொங்குவேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியமும் செய்தான். மகள் எந்த ஊர், எந்தத் தெரு என்று கூட இவளுக்குத் தெரியாது.

ஆறு மாதம் முன்னால் இந்தச் சந்தில் நடந்து போனபோது காலடியில் ஓர் இலை கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். மகள் தைத்த இலை. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் பெருக்கி முடித்ததும் இங்கே வந்துவிடுவாள்.

"கூடையில மேலாலயே அவ எல ஒண்ணு கெடக்கும். பாத்துட்டுப் பூடுவேன். சோறு துண்றா, குந்திகினு தெக்கிறா, நல்லா கீறான்னு அர்த்தம். அது போதும் சார்."

"அப்புறம் எதுக்கு இப்ப கூடையைக் கலைக்கிறே?"

"நாலு நாளா ஒண்ணு கூட ஆப்டல. அதான் அடி வரைக்கும் தேடறேன். எலக்காரர மாத்திட்டீங்களா சார்?"

தசரதனுக்கு நம்பிக்கை வரவில்லை. இலை என்றால் எல்லாம் இலைதான், தையலைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியுமா என்று கேட்டான்.

அஞ்சம்மாள் கூடையிலிருந்து ஓர் இலையை எடுத்துப் புறப்பக்கம் திருப்பினாள். ஈர்க்குச்சிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. இது வேற ஆளுடையது என்றாள். மகளுடையது இதற்கு நேரெதிராகச் சாய்ந்திருக்குமாம்; சின்னதில் அதற்காக அவளை அடித்துக்கூடப் பார்த்திருக்கிறாளாம், மாறவில்லையாம்.

கிழிக்க எடுத்த அடுத்த இலை அவன் கையில் அப்படியே நின்றது. அஞ்சம்மாள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"எம் பொண்ணு இடது கைக்காரி சார்."