இரண்டு, மூன்று, ஆறாம் ஆடுகள்

"டாக்டரம்மா, மூணு ஆட்டைக் காணோம்!"

ஆராய்ச்சிக் கூடத்து வாசலில் கிஸ்லான் காரை நிறுத்துவதற்குள் புஷைப் ஓடி வந்தான். ஆடுகளுக்குத் தீனி வைத்துப் பார்த்துக்கொள்பவன் அவன்தான்.

"மூணா? மொத்தமே ஆறுதானே புஷைப்!"

"பூட்டை உடைச்சிருக்காங்க. நாளைக்குப் பக்ரீத் பெருநாள். செட்டாட் சந்தையில இன்னிக்கு ஆட்டு விலையைக் கேட்டா நமக்கே திருடத் தோணும்."

"உனக்கு இப்பப் போய்க் கிண்டல்!"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்று வருட உழைப்பு. ஆறு செம்மறிகளுக்கும் பின்னங்கால் எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருந்தார்கள். மூன்றில், அந்த இடைவெளியில் எலும்பை வளர்க்கும் புரதம் தோய்த்த பஞ்சு. மற்ற மூன்றில் வெறும் பஞ்சு. எதில் எது என்று கிஸ்லானுக்கே தெரியக் கூடாது. பட்டியல், அரக்கு வைத்த உறையில் பீரோவுக்குள் இருந்தது. நேற்று மாலைதான் கால் கட்டுகளை அவிழ்த்தார்கள். பெருநாள் கழித்து நடக்கவிட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு.

"யா ரப்பி, மிச்சம் இருக்கறதுல ஒண்ணாவது மருந்து வச்சதா இருக்கணும்" என்று உறையைக் கிழித்தாள்.

பட்டியலை இரண்டு முறை படித்தாள். காணாமல் போனவை இரண்டு, மூன்று, ஆறாம் எண் ஆடுகள். பட்டியலில் புரதம் வைத்தவையும் இரண்டு, மூன்று, ஆறு.

"இதெப்படி? அரக்கை இப்ப நான்தானே உடைச்சேன்? ஆபரேஷன் அன்னிக்கு ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நீ. எவன்கிட்டயாவது உளறினியா?"

"நல்லா இருக்கே! மருந்துப் பஞ்சு எது, சும்மா பஞ்சு எதுன்னு எனக்கென்ன தெரியும்? ரெண்டும் வெள்ளை!"

"அப்ப திருடனுக்கு யார் சொன்னது? போட்டிக்காரங்க வேலையா? ஒண்ணுமே புரியலையே..." அவள் பட்டியலைக் கசக்கினாள். "எலும்பு வளர்ந்துச்சா இல்லையான்னு இனி எதை வச்சுச் சொல்லுவேன்?"

புஷைப் கொட்டகை வாசலில் குனிந்து மண்ணைப் பார்த்தான். ஆறு ஆடுகளின் குளம்புத் தடமும் கிடந்தது.

"அவனுக்கு யாரும் சொல்லலைம்மா, ஆறையும் நடக்கவிட்டுப் பார்த்திருக்கான்" என்றான் நிமிர்ந்து. "நொண்டுற ஆடுதான் குர்பானிக்கு ஆகாதே, நொண்டாத மூணையும் ஓட்டிட்டுப் போயிட்டான்!"