ஆரஞ்சுத் தோல் வாசனை

துவைக்கப் போட எடுத்த கணவனின் ஸ்வெட்டரை மூக்கருகே கொண்டுபோன மிர்த்தா அப்படியே நின்றுவிட்டாள். கழுத்துப் பக்கம் ஆரஞ்சுத் தோல் வாசனை. அவள் சமையலறைக்குள் ஆரஞ்சு வந்தே மாதக்கணக்காகிறது.

"ஏன்யா, நேத்து கேக் குடுத்துட்டு வர அவ்வளவு நேரமா?"

"படியேறி இறங்க வேண்டாமா? லா பாஸ்ல எந்த வீடு சமதரையில இருக்கு?" என்றான் ரெமிஹியோ. சொல்லிவிட்டு, ஏற்கெனவே படித்து முடித்த செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டான்.

மிர்த்தாவுக்குச் சந்தேகம் புதிதல்ல. சாந்தா குரூஸ் சமவெளியிலிருந்து கல்யாணமாகி இந்த மலைநகரத்துக்கு வந்த நாளிலிருந்து எல்லாவற்றின் மேலும் சந்தேகம்தான். முதல் சந்தேகம் ஓவன் மேல். அம்மா சொல்லித் தந்த கேக் அங்கே பஞ்சாக வந்தது. இங்கே ஆசை காட்டுவதுபோல் உப்பிவிட்டு, நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துகொண்டது.

உள்ளே வெப்பமானி மாட்டிப் பார்த்தாள். தீ அடியைக் கருக்காமலிருக்கச் செங்கல் வைத்தாள். முன்கூட்டியே சூடேற்றினாள், தட்டை நடுவரிசைக்கு மாற்றினாள், வேகும்வரை கதவில் கை வைக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். குழி மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

"மலை மேல பேக்கிங் பவுடரைக் குறைக்கணும்டி" என்றாள் மேல் வீட்டு ஒட்டிலியா. நம் கேக் உப்பக் கூடாதென்று இவளுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று மிர்த்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மாவின் அளவில் ஒரு சிட்டிகை குறையவில்லை. பாலையும் சர்க்கரையையும் கெட்டியாகக் காய்ச்சி அந்தக் குழியில் ஊற்றி நிரப்புவாள். மேலே சர்க்கரைத் தூளைத் தூவிப் பெட்டியில் மூடி, ஆர்டர் கொடுத்த வீட்டுக்கு ரெமிஹியோவிடம் கொடுத்தனுப்பிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து அழுவாள்.

ஆனால் ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை. ஆர்டர்தான் வந்தது. அன்றைக்கு ஒட்டிலியாவே இன்னொரு கேக் கேட்டு வந்து நின்றாள்.

"நான் சொன்னபடி பவுடரைக் குறைச்சிட்டே போலிருக்கே! நடுவுல ஒண்ணுமே வைக்காம, வெறும் கேக்கே என்னமா இருக்குது!"

இவளுக்கு நாக்கு செத்துப்போய்விட்டது, இல்லையென்றால் குத்திக்காட்டுகிறாள் என்று எண்ணியபடி மிர்த்தா தலையை ஆட்டிவைத்தாள். அவள் மனம் அந்த ஸ்வெட்டரிலேயே இருந்தது.

சனிக்கிழமை ரெமிஹியோ ஒட்டிலியாவுக்கான பெட்டியோடு கிளம்பியதும் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனாள். ஒட்டிலியாவின் வீடு மேலே இருந்தது. அவன் கீழே இறங்கினான்.

சந்தைக்குப் பின்பக்கச் சந்தில் ஒரு நீலக் கதவைத் தட்டினான். திறந்தவள், எல்லோரும் மரியாதையாக 'டோன்யா' என்றழைக்கும் செனோபியா. சந்தையில் கேக்கைத் துண்டு போட்டு விற்கிற விதவை. ரெமிஹியோவைப் பார்த்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல். இருவரும் உள்ளே போக, கதவு சாத்திக்கொண்டது.

அம்மாவையும் ஊரையும் விட்டுவிட்டு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் இந்த ஊருக்கு இவனை நம்பி வந்தது இதற்குத்தானா? மிர்த்தாவுக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்தது. கதவை ஓங்கித் தள்ளினாள்.

மேசை மேல் அவள் செய்த கேக் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அந்தக் காலிப் பெட்டிக்குள் ரெமிஹியோ வேறொரு கேக்கை இறக்கிக்கொண்டிருந்தான். உயரமாக, மேற்பரப்பு சமமாக, வீடு முழுக்க ஆரஞ்சுத் தோல் மணக்க ஒரு கேக்.

"மிர்த்தா! நீ நினைக்கிற மாதிரி இல்ல..."

"நான் நினைக்கறது இருக்கட்டும். நீ சொல்லுய்யா, எத்தனை நாளா நடக்குது?"

"முதல் ஆர்டர்லேருந்து." அவன் குரல் இறங்கிப்போனது. "யாராவது உன் கேக்கைத் திருப்பி அனுப்பினா, நீ வெறுத்துப்போய் உங்க அம்மாகிட்டயே போயிடுவியோன்னு பயமா இருந்துது. அதான் டோன்யாகிட்ட மாத்தி வாங்கிட்டுப் போய்க் குடுக்கறேன்."

புருஷன் கைவிட்டுப் போகவில்லை என்ற நிம்மதி அவளுக்கு ஒரு நொடிதான் நின்றது. அப்படியானால் இத்தனை நாள் கேட்ட பாராட்டெல்லாம் இன்னொருத்தியின் ஓவனுக்கா? யாருமே தன் கேக்கை ஒரு வாய்கூடத் தின்று பார்க்கவில்லையா? அவமானத்தில் காது சுட்டது.

"இவளுக்குக் காசு எங்கேருந்து குடுத்தே?"

"காசே வாங்கறதில்ல, மிர்த்தா. சத்தியமா."

போன சந்தேகம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மிர்த்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு செனோபியாவின் பக்கம் திரும்பினாள்.

"சந்தையில ஒரு துணுக்கைக்கூட யாருக்கும் சும்மா தர மாட்டே. இவனுக்கு மட்டும் முழுக் கேக்கா? பதிலுக்கு இவன்கிட்ட என்ன வாங்கறே? இப்பவே சொல்லு!"

செனோபியாவின் முகம் சிவந்தது. ரெமிஹியோவைப் பார்த்தாள். அவனும் இதை இதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது, திருதிருவென்று விழித்தான். குழி நிறையப் பாகோடு இருந்த மிர்த்தாவின் கேக்கை, யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல் அந்த விதவை இரண்டு கைகளாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதேம்மா. என் கடையில முதல்ல தீர்றதே உன் கேக்தான்."