பொத்தான் டப்பாவில் ஒரு தீக்குச்சி

அப்பாவின் தடித்த ரயில் கார்டு கோட்டில் மகன் தைக்கும் பொத்தான் நிற்கவே மாட்டேன் என்கிறது. இறுக்கித் தைத்தால் அதன் அடியில் துணிக்கு இடமில்லை, மாட்டியதும் நூல் அறுகிறது, தளர்த்தினால் தொங்குகிறது. அம்மா போய்ச் சேர்ந்து ஒரு மாதத்துக்குப் பிறகு அப்பா இன்றுதான் வேலைக்குத் திரும்புகிறார். ஜன்னல் வெயிலில், பனியனோடு, காத்து நிற்கிறார். "வண்டி எனக்காக நிக்குமாடா?" "அம்மா தைச்சது மட்டும் எப்படிப்பா அறுந்ததே இல்ல?" "யாருக்குத் தெரியும்? முப்பது வருஷமா நான் எழுந்திருக்கும்போது கோட்டு கொக்கியில தயாரா தொங்கும்." மகன் அவளுடைய பொத்தான் டப்பாவைக் கிளறுகிறான். உள்ளே எரிந்த தீக்குச்சி ஒன்று. "பாத்தியா, கரிக்குச்சியைக்கூடத் தூக்கிப் போட மாட்டா, மகராசி!" என்று அப்பா சிரிக்கிறார். குச்சியின் நடுவில் நூல் அழுத்தி அழுத்தித் தேய்ந்த பள்ளம் மின்னுகிறது. கோட்டில் அம்மா தைத்த மற்றப் பொத்தான்களை மகன் தூக்கிப் பார்க்கிறான். ஒவ்வொன்றின் அடியிலும் குச்சியின் கனத்துக்கு ஒரு நூல் கழுத்து. மகனுக்கு இப்போது புரிகிறது: பொத்தான்மேல் குச்சியை வைத்து, அதையும் சேர்த்துத் தைக்க வேண்டும். பிறகு குச்சியை உருவிவிட்டு, பொத்தானைத் தூக்கிப் பிடித்து, அடியில் தளர்ந்திருக்கும் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும்.