திரும்பி நடந்தவள்

நசரத்பேட்டையைத் தாண்டும்போதே ஹெலினாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

எதிரே அறுபது பேர் பேண்டு வாத்தியத்தோடு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். கிளாரினெட்காரர் ஊதுவதா மூச்சு வாங்குவதா என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாகச் செய்தார். அந்தச் சத்தத்தில் சாலையோரம் படுத்திருந்த மாடு எழுந்து நின்றது.

சென்னைக் கரையான்சாவடியிலிருந்து காஷ்மீர் ஸ்ரீநகர். ஸ்ரீநகரிலிருந்து கரையான்சாவடி. நூற்று எழுபத்தொன்பது நாளில் ஆறாயிரத்து இருநூறு கிலோமீட்டர், முழுக்க நடை.

ஐந்து ஜோடி ஷூ தேய்ந்துவிட்டது. போகும்போது நாக்பூரில் விழுந்த கால் கட்டைவிரல் நகம், திரும்பி நாக்பூர் வந்தபோது பாதி முளைத்திருந்தது.

ஹெலினாவுக்கு வயது நாற்பத்தாறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். இருபது வருடமாக விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பி வேலைக்கு நடந்தே போவாள், நடந்தே வருவாள். உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

ஆறு மாதம் முன்பு புறப்பட்டபோது பேச்சு ஸ்ரீநகர் வரைதான். போய்ச் சேர்ந்தாள். பெண்களில் இதுவரை யாரும் இவ்வளவு சீக்கிரம் நடந்ததில்லை என்று சாதனைகளைப் பதிவு செய்கிறவர்கள் எழுதிக்கொண்டார்கள். திரும்பி வர டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

மறுநாள் காலை ஹெலினா பையை முதுகில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே தெற்குப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் பேர் நாடெல்லாம் தெரிந்தது. நடந்து போனவர்கள் உண்டு. போன களைப்பு தீருமுன் அதே சாலையில் நடந்து திரும்பியவர் யாருமில்லை.

ஏன் திரும்பி நடந்தாள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தேசத்துக்காகக் கர்த்தரிடம் பண்ணிய பொருத்தனை என்றார் போதகர். உழைக்கும் பெண்களின் வைராக்கியம் என்றது கம்பெனி யூனியன். மனவலிமைக்கு இவர்தான் பாடம் என்று அடுக்குமாடி வீட்டு ஐ.டி. பிள்ளைகள் வீடியோ போட்டார்கள்.

ஹெலினா எதற்கும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் அடக்கம் என்று எழுதினார்கள்.

பூந்தமல்லிக்குள் நுழைந்தபோது கூட்டம் முந்நூறாகியிருந்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் இன்னும் வாசல்களில் தொங்கின. யாரோ மாடியிலிருந்து பூவைக் கொட்டினார்கள். பூக்கூடையும் சேர்ந்து விழுந்தது. ஹெலினா அதைத் தலைக்கு மேலே பிடித்து, கொட்டியவளுக்கே திருப்பி எறிந்தாள். காலுக்குக் கீழே ரோடு இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

கரையான்சாவடியில் ரிப்பனை மார்பால் அறுத்தாள். அந்தப் பக்கம் அவள் புருஷன் தேவராஜ் நின்றுகொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடம் மாநகரப் பேருந்து ஓட்டியவர். கட்டிப்பிடிக்கக் கூச்சப்பட்டு, அவள் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

மேடை அரை கிலோமீட்டர் தள்ளி. பூ அலங்காரத்தோடு திறந்த ஜீப் தயாராக நின்றது. சாதனைதான் முடிந்துவிட்டதே, இனி ஏறலாம் என்றார்கள். ஹெலினா ஜீப்பைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடந்தாள். விசில் பறந்தது. பக்கத்தில் தேவராஜ் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

மேடையில் கவுன்சிலர் ரேவதி பொன்னாடை போர்த்தினார். பிறகு மைக்கைத் தட்டி, டெல்லியில் ஹெலினாவுக்குத் தேசிய அளவில் ஒரு விருது தரப்போகிறார்கள் என்றார். கணவன் மனைவி இரண்டு பேருக்கும் விமான டிக்கெட் என்று ஓர் உறையை நீட்டினார்.

கூட்டம் எகிறிக் குதித்தது. ஹெலினா உறையை வாங்கிக்கொண்டாள். அன்று முழுக்க வாயை விட்டு இறங்காத சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

தேவராஜுக்கு மட்டும் காரணம் தெரியும்.

ஆவடியில் கல்யாணம் முடிந்து மாலையும் கழுத்துமாகக் காரில் ஏறியவள், பருத்திப்பட்டு ஏரி வருவதற்குள் அவருடைய புதுக் கோட்டின் மேல் வாந்தி எடுத்தாள். அவர் ஓட்டிய பஸ்ஸில் மூன்றாவது ஸ்டாப்பைத் தாண்டியதில்லை. எலுமிச்சம்பழம், மாத்திரை, ஜன்னல் சீட்டு, எதுவும் கேட்கவில்லை. அதற்கப்புறம் சக்கரம் வைத்த எதிலும் அவள் ஏறவில்லை.

மூவாயிரம் கிலோமீட்டர் நடந்த உடம்பு, திரும்பி வரும்போது இதையும் தாங்கிவிடும் என்று நம்பித்தான் ஸ்ரீநகருக்குப் போனாள். ரயிலடிக்குப் போகும் பஸ்ஸின் படியில் ஒரு காலும் வைத்தாள். டீசல் வாடை அடித்தது. காலை எடுத்துவிட்டு அங்கிருந்தே போன் செய்தாள். தேவராஜ் வெகுநேரம் சிரித்து ஓய்ந்து, மெதுவாக நடந்தே வந்துவிடு என்றார்.

இப்போது அவள் அவர் காதோரம் குனிந்தாள்.

"டெல்லில விழா என்னிக்குனு கேளுங்க."

அவர் போய்க் கேட்டு வந்தார்.

"மார்ச் பதினேழு. எழுபத்திமூணு நாள் கீது."

ஹெலினா விரல் விட்டு எண்ணினாள். முகம் மெல்ல மலர்ந்தது. நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து ஷூவின் கயிற்றை இழுத்து முடிபோட்டாள்.